ரை புகைந்த காலை

என் மனைவிக்கு லண்டனில் நிலம் கிடைத்தது அறுபது வயது கடந்த பிறகுதான். நிலம் என்றால் சொந்த நிலம் இல்லை. ஸ்ட்ரெதமில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால், கவுன்சிலுக்கு ஒரு பெரிய வெளி இருக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அலொட்மென்ட் என்பார்கள். மனைவி பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் முடித்து, யூனிவர்சிட்டி முடித்து, கலியாணமும் முடித்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் மாடி வீடுகளிலேயே இருந்தவள் என் மனைவி. கறிவேப்பிலையைக்கூட யோகட் வாளியில் வளர்த்தவள். துண்டு கிடைத்திருக்கிறது என்று போன் வந்த அன்று அடுப்பில் இருந்த கறி கருகியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஆனால் முதல் வருடம் பரீட்சை வருடம். தோட்டங்களுக்குப் பொறுப்பாக ஒரு செக்ரட்டரி இருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், நெடிய வெள்ளைக்காரர், சிரிப்பை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். கேற்றுத் திறப்பைக் கையில் தரும்போதே சொல்லிவிட்டார்: “ஜூன் மாதம் வந்து பார்ப்பேன். பயிர் நின்றால் துண்டு உங்களுடையது. புல் நின்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும்.”

மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் சொற்களில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பெரிய படிப்புப் படித்தவன் இல்லை நான். பஸ் ஓட்டினேன். ஏறி இறங்கிய சனம் கதைத்ததுதான் என் படிப்பு. செக்ரட்டரி சொன்ன அந்தப் ‘பயிர், புல்’ கணக்கு அன்றைக்கே மனதில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு பெரிய ஊரை இரண்டே இரண்டாகப் பிரித்துவிட்டாரே என்று வீட்டுக்கு வரும் வழி முழுவதும் சிரித்தேன்.

சிரிப்பு அடுத்த கிழமையே நின்றது. முன்பு இருந்தவர் விட்டுப்போன முட்பற்றைகளை வெட்டி எடுத்ததும் கீழே லண்டன் களிமண் வந்தது. மஞ்சள் நிறம். மழை பெய்தால் சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தால் ஓடாகிவிடும். பஸ் ஸ்டியரிங் பிடித்த என் வலது தோள்மூட்டு இறுகிப்போய், கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாத நிலை. ஆகவே மண்வெட்டி அவள் கையில்தான். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு காகம் குளித்துவிட்டுப் போனது. மனைவி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

“இதைக் கிண்டி முடிக்க ஒரு பொம்பிளை காணாதப்பா. ஒரு பரம்பரை வேணும்.”

பக்கத்துத் துண்டு ஒரு லிதுவேனியாக்காரியுடையது. ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வருவாள். எங்கள் வயதுதான் இருக்கும். மனைவி களிமண்ணோடு மல்லுக்கட்டுவதைச் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் சீலைப் பையொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“நீ கிண்டாதே. இது உனக்காகக் கிண்டும்.”

பைக்குள் தானியம். ஒல்லியாக, நீளமாக, பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். மனைவி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்கோ, பட்டினி கிடந்த கோதுமை மாதிரிக் கிடக்கு.”

அது ரை. எங்கள் பக்கத்துக் கடைகளில் கறுப்புப் பாண் என்று ரொட்டி அடுக்கி வைத்திருப்பார்களே, புளிப்பாக, செங்கல் கனத்தில், அந்தப் பாணின் தானியம். லிதுவேனியாக்காரி கையாலும் வாயாலும் விளக்கினாள். இலையுதிர் காலத்தில் விதைக்க வேண்டும். மாரிக் குளிர் முழுவதும் நிற்கும். வேர் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஏப்ரலில் முழங்கால் உயரம் வந்ததும், கதிர் வருவதற்கு முன்பே, வெட்டி மண்ணுக்குள் புரட்டிவிட வேண்டும். அதன் பிறகு எதையும் நடலாம்.

“ஓ, சணலைப் பூக்க முன்னம் உழுது விடுற மாதிரி. பசளைக்குப் போடுறது,” என்றாள் மனைவி. “உதை முதலே சொல்லியிருந்தா என்ரை இடுப்புத் தப்பியிருக்கும்.”

ஒக்டோபரில் விதைத்தோம். சில நாட்களில் முளை வந்தது. பச்சையாக இல்லை, சிவப்பாக. ஈர மண் முழுவதும் செப்பு ஊசி குத்தியதுபோல. அதன் பிறகு நாள் குறுகக் குறுக, மற்றத் துண்டுகளில் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியது. பூசணிக்கொடி கறுத்தது. அவரைப் பந்தல் எலும்புக்கூடானது. வெளியில் இருந்த சனமும் குறைந்தது. எங்கள் துண்டு மட்டும் பச்சை கட்டியது.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு காலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். இரண்டு ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, உருட்டி விட்ட மூட்டைகளைப் போல நாங்கள் போய் நின்றோம். பனிக்கு மேலே ரை தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலையின் நுனியிலும் உறைந்த துளி. கையால் பனியை ஒதுக்கிப் பார்த்தேன். அடியில் இன்னும் பச்சையாக இருந்தது. ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். தோள்தான் வலித்தது.

“இதுக்குக் குளிர் தெரியேல்லையோ? அல்லாட்டித் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிக்குதோ?” என்றாள் மனைவி.

இத்தனை வருடம் இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே வாழ்ந்தவன் நான். ஹீட்டரைக் கூட்டிவைத்துவிட்டு ஜன்னலால் பார்த்துத் திட்டியவன். அந்தக் குளிருக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், இரவும் பகலுமாக ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். லிதுவேனியாக்காரியிடம் சொன்னபோது, “மேலே பார்க்காதே. வேலை கீழே நடக்கிறது,” என்றாள். அதையும் மனதில் போட்டு வைத்தேன்.

ஏப்ரல் வந்தது. வெட்ட வேண்டிய மாதம். அந்த மாதம்தான் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மனைவி பிள்ளைப்பேற்றுச் சரக்கை வறுத்து இடித்து எடுத்துக்கொண்டு மகள் இருக்கும் ஹாரோவுக்குப் போனாள். பத்தியக்கறி அவள் பொறுப்பு; மூத்த பேத்தியைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. ஊரின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் இடையில் அலைய எங்களால் முடியவில்லை. அங்கேயே தங்கிவிட்டோம். திரும்பி வந்து தோட்டத்துக் கேற்றைத் திறந்தபோது மே மாதம் பாதி போயிருந்தது. ரை என் நெஞ்சளவு நின்றது.

மனைவி புதிதாக வாங்கிய அரிவாளோடு இறங்கினாள். செக்ரட்டரி வருவதற்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. இன்றைக்கு வெட்டினால் சமாளித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. முதல் குத்தை இடக்கையால் சேர்த்துப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. ஒரு தண்டைத் தடவிப் பார்த்தாள். மேற்பகுதி கொஞ்சம் தடித்து, உருண்டு இருந்தது. நகத்தால் கீறி, பாளையை விரிப்பதுபோல விரித்தாள். உள்ளே கதிர். குருத்துப் பச்சை, பட்டு நூல்போல மடிந்த கூர்கள். தொட்டால் கலைந்துவிடும் மென்மை.

“குடலை,” என்றாள் மெதுவாக.

அவள் வன்னியில் நெல்வயல்காரரின் பிள்ளை. கதிர் வெளியே தெரியாமல் தண்டுக்குள் இருக்கும் பருவத்தைக் குடலை என்பார்கள். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் யாரும் வயலுக்குள் வெட்டுக்கத்தியோடு இறங்குவதில்லை. வரம்பில் நின்று உரத்துக் கதைப்பதும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் நடப்பதுபோல நடப்பார்கள். எனக்கு இது தெரியும். கலியாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். ஆனால் லண்டனில், ரயில் பாதைக்குப் பின்னால், யாரோ தந்த தானியத்துக்கும் அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

“இஞ்சேரும், இது நெல்லில்லை.”

“நெல்லில்லாட்டி? வயித்தில இருக்கிறது வயித்தில இருக்கிறதுதானே.”

“செக்ரட்டரி வரப்போறார். புல்லெண்டு சொல்லித் துண்டைப் பறிச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவார். பிறகு நீர் அழப்படாது.”

“நான் இப்பதான் ஒரு பிள்ளைப்பேறு பாத்திட்டு வாறன். அந்தக் கை மணம் மாறேல்லை. இதில கத்தி வைக்கச் சொல்லுறியளோ? எனக்கு ஏலாது. உங்களுக்கு ஏலுமெண்டா வெட்டுங்கோ.”

அரிவாளை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் தோளைச் சாட்டுச் சொல்லலாம். உண்மையில் விரித்த அந்தத் தண்டைப் பார்த்த பிறகு எனக்கும் மனம் வரவில்லை. அவள் வரம்பில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தேன். துண்டு போனால் போகட்டும் என்கிற ஆளின் முகம் அது இல்லை. இன்னொரு துண்டுக்குக் காத்திருக்க எங்களுக்கு வயது இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

லிதுவேனியாக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினாள். “இன்னுமா வெட்டவில்லை? தண்டு கம்பியாகிவிடும்! இன்றைக்கே வெட்டு!”

மனைவி எழுந்து போய் விரித்த தண்டைக் காட்டினாள். லிதுவேனியாக்காரி எட்டிப் பார்த்தாள். சத்தம் அடங்கியது.

“எங்கள் வீட்டில்,” என்றாள், “ரை பூக்கும் நாட்களில் பிள்ளைகளை அதற்குள் விடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், ஏன் என்று கேட்காதே என்பார்கள்.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “பாத்தியளே? உலகத்து அம்மாமார் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம்.”

அரிவாள் வீட்டுக்குத் திரும்பியது. ரை வளர்ந்தது. வளர்ந்தது என்று எழுதினால் போதாது. ஒவ்வொரு முறை போகும்போதும் அது வேறு ஆளாக நின்றது. கதிர் வெளியே வந்தது. தோளைத் தாண்டியது. என் தலையைத் தாண்டியது. காற்று வந்தால் ஒரு முனையில் குனிந்து மறுமுனையில் நிமிரும். சாம்பல் பச்சை வெள்ளியாகும், வெள்ளி திரும்பவும் பச்சையாகும். முள்ளங்கிக்கும் லெட்டஸுக்கும் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். மூன்றாம் துண்டு ஜமெய்க்காக்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “தம்பதிகளே, நீங்கள் தோட்டம் போடவில்லை, கடல் போட்டிருக்கிறீர்கள்,” என்றார். மனைவி சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் நித்திரையில்லாமல் புரண்டாள்.

செக்ரட்டரி ஜூன் மாதத்தில் ஒரு காலை வந்தார். முதல் நாள் மழை பெய்து விட்டிருந்தது. வெளி முழுவதும் ஈரம். காற்று அசையவில்லை. அவர் ரைக்கு முன்னால் வந்து நின்று, மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

“இதை ஏப்ரலில் மண்ணுக்குள் போட்டிருக்க வேண்டும்.”

“யெஸ்,” என்றாள் மனைவி.

“போடவில்லை.”

“நோ.”

“அப்படியென்றால்,” என்றார், குரலில் கோபம் இல்லாமல், தீர்ப்பு வாசிப்பதுபோல, “என் கண்ணுக்கு இது புல்.”

மனைவி என் கையைப் பிடித்தாள். பஸ் ஓட்டின காலத்தில் எத்தனையோ பேரைக் கதைத்தே சமாளித்தவன் நான். மகளின் பிள்ளைப்பேற்றைச் சொல்ல வாயெடுத்தேன்.

அந்த நேரத்தில் வெயில் ரயில் பாதையின் மேட்டைத் தாண்டி வந்து கதிர்களில் விழுந்தது. கதிர் முழுவதும் சின்னச் சின்ன மஞ்சள் தொங்கல்கள். நெல்லுப் பூப்போல, அதைவிடப் பெரிது. அவை நடுங்கத் தொடங்கின. காற்றில்லாமலே நடுங்கியதுபோல எனக்குத் தெரிந்தது. ஒரு ரயில் போனது. அது கிளப்பிய காற்று மேட்டிலிருந்து இறங்கி வந்து ரையைத் தொட்டதும், துண்டின் அந்த மூலையில் இருந்து புகை எழுந்தது.

நெருப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மஞ்சள் புகை. ஒரு கதிர் விட, அடுத்தது விட, அதற்கு அடுத்தது விட, ஒரு நொடிக்குள் துண்டு முழுவதும் புகைந்தது. சத்தம் இல்லை. புகை கதிர்களுக்கு மேலே எழும்பி, வெயிலில் பொன்னாகி, மெல்ல உருண்டு எங்கள் மேல் வந்தது. பூந்தாது. மனைவியின் தலைமயிரில் படிந்தது. செக்ரட்டரியின் கறுப்புக் கோட்டில், புருவத்தில், தடித்த கண்ணாடியில் படிந்தது. ஈர மாவின் மணம் ஒன்று வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லிதுவேனியாக்காரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். என் மனைவி கைகூப்பினாள் என்பதை அவள் பிடியிலிருந்து என் கை விடுபட்டபோதுதான் கவனித்தேன்.

கோயில்களில் தீபம் காட்டும்போது நின்றிருக்கிறேன். ஆர்ச்வே முருகன் சந்நிதியில் சனத்துக்குள் நெரிபட்டு நின்று கண் கலங்கியிருக்கிறேன். அங்கே கண் கலங்கத்தான் போனேன். இங்கே ஒரு தீர்ப்புக் கேட்கப் போனேன். பூ தன் வேலையைச் செய்தது; நாங்கள் இடையில் நின்றுவிட்டோம். அவ்வளவு பெரிய ஒரு காரியம் எங்களைக் கேட்காமலே, எங்களுக்காக இல்லாமலே, எங்கள் துண்டில் நடந்தது.

செக்ரட்டரி தொப்பியைக் கழற்றியிருந்தார். எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை. இரண்டாவது முறை புகைந்து அடங்கும்வரை நின்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

“இதைச் சாப்பிடப் போகிறீர்களா?”

மனைவி விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

“சாப்பிடுவதானால் பயிர். சாப்பிடாவிட்டால் புல்,” என்றார். “ஓகஸ்ட் முடிவில் வருவேன். சாப்பாட்டைக் காட்டுங்கள். மண்ணையும் பார்ப்பேன். மண் அன்றைக்கும் இப்படியே கிடந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

“ஈட்,” என்றாள் மனைவி. “ஓல் ஈட். எவ்ரிதிங்.”

சொல்லிவிட்டாள். பிறகு சாப்பிட வேண்டுமே. ஜூலையில் கதிர் பழுத்துத் தலை கவிழ்ந்ததும் கிளிகள் வந்தன. லண்டன் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் பச்சைக் கிளிகள்தான். வேலையில்லாதவன் நான் என்பதால் காவல் எனக்கு. பழைய சோஸ்பானில் கரண்டியால் தட்டினேன். கிளிகள் பக்கத்து மரத்துக்குப் போய் இருந்து என்னைப் பார்த்துக் கத்தின.

“அதுகளும் இஞ்ச வந்து குடியேறின சனம்தானே,” என்றாள் மனைவி. “நிறையத் தின்னவேண்டாமெண்டு சொல்லிப் பாருங்கோவன்.”

“நீர் சொல்லும். உம்மடை சொல்லுத்தான் எல்லாரும் கேக்கினம்.”

அரிவாள் திரும்ப வந்தது. இந்த முறை அவள் கை தயங்கவில்லை. முதல் பிடியை வெட்டி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிறகு நிமிராமல் வெட்டினாள். நீலத் தார்ப்பாயில் பரப்பி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நாங்கள் மிதித்தோம். லிதுவேனியாக்காரியும் காலுறையோடு வந்து மிதித்தாள். சுளகில் எடுத்துக் காற்றில் தூற்றியபோது உமி போக, மணி விழுந்தது. ஒரு வாளியளவு. விதைத்தது ஒரு சின்னப் பை; அதற்கு மாரி முழுவதும் பனி, பிறகு எங்கள் தாமதம், பிறகு கிளிகள். எல்லாம் போக ஒரு வாளி. நான் அதற்குள் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தேன்.

முதல் புட்டு புட்டாக வரவில்லை. வறுத்து, கிரைண்டரில் அரைத்து, வழக்கம்போலச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தாள். மா பசைபோல விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சுவரில் போஸ்டர் ஒட்டலாம்.

“இது என்ன மாவப்பா? விட மாட்டனெண்டு கையைப் பிடிக்குது.”

“களிமண்ணையே பிடிச்சு வைச்சிருந்ததுக்கு உம்மடை கை என்ன கணக்கு?”

அடுத்த முறை மாவைச் சீலையில் கட்டி ஆவியில் அவித்து, அரிதட்டில் அரித்து, ஆறவிட்டு, பச்சைத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொத்தினாள். உதிர்ந்தது. தேங்காய்ப்பூப் போட்டுக் குழலில் அவித்தபோது வந்த மணத்தை எப்படிச் சொல்ல? குரக்கன் மாவின் கறுப்பும், வறுத்த கோப்பியும், மழை பெய்த மண்ணும் சேர்ந்த ஒன்று. கடித்தால் மெல்லிய புளிப்பு. வாயில் நிற்கும். நான் ஒரு வாய் தின்றுவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் இருந்தேன். பனிக்குள் நின்றதை, புகைந்ததை, இப்போது மெல்லுகிறேன் என்று பட்டது.

செக்ரட்டரி சொன்னபடியே ஓகஸ்ட் முடிவில் வந்தார். மனைவி டிஃபின் பெட்டியில் சுடச்சுடப் புட்டு, சீனி, வாழைப்பழம் எல்லாம் கொண்டுபோயிருந்தாள். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கரண்டியால் சாப்பிட்டார். பெட்டியின் மூலையில் இருந்த துகளையும் வழித்து எடுத்தார்.

பிறகு எழுந்து போய், எங்கள் முள்மண்வெட்டியை எடுத்து, அடிக்கட்டைகளுக்கு நடுவில் குத்தினார். இந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் மனைவி பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கோடை வெயிலில் சுற்றிலும் இருந்த துண்டுகள் காய்ந்து பிளந்து கிடந்தன. நாங்கள் எங்கள் மண்ணைக் குத்திப் பார்க்கவே பயந்து விட்டுவைத்திருந்தோம்.

மண்வெட்டி முழுவதுமாக உள்ளே போனது.

அவர் நெம்பினார். ஒரு குத்து எழுந்து வந்தது. அதோடு வேர். நரை மயிர்போல மெல்லியது, எண்ண முடியாதது, ஒவ்வொரு இழையிலும் மண் மணி மணியாகக் கோத்து நின்றது. மஞ்சள் களி இல்லை. உதிரும் மண். தேயிலைச் சக்கைபோல விரலுக்குள் பொலபொலவென்று விழுந்தது. வேர் எங்கே முடிகிறது என்று பார்க்க அவர் பள்ளத்தைத் தோண்டிக்கொண்டே போனார். கை முழங்கைவரை உள்ளே போனது. முடிவு வரவில்லை. ஈரக் களியின் உள்ளேயும் வெள்ளை நூல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பரம்பரை வேண்டும் என்று அவள் சொன்ன வேலை. நாங்கள் ஹீட்டருக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நடந்த வேலை.

செக்ரட்டரி முழங்காலில் இருந்தபடியே மேலே பார்த்தார்.

“அடுத்ததாக இதில் என்ன போடப் போகிறீர்கள்?”

ஏதோ சாதாரணமாகக் கேட்கிறார் என்று நினைத்து நான் பதில் தேடினேன். மனைவிக்கு அது என்ன கேள்வி என்று உடனே விளங்கிவிட்டது. அப்படியே அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். அத்தனை வருடம் வேலை செய்த இங்கிலீஷ் முழுவதும் அந்த நேரத்தில் அவளை விட்டுப் போய்விட்டது.

“உதில உள்ளி போடுவன்,” என்றாள் அவரைப் பார்த்து, கையால் காட்டிக் காட்டி. “உந்தப் பக்கம் கீரை. வெயில் வந்தாப் பயித்தங்காய்க்குப் பந்தல். அங்காலை ஒரு கரை திரும்பவும் ரை. நீங்கள் வந்து பாருங்கோ என்ன, கட்டாயம் வாங்கோ, புட்டுத் தருவன்.”

ஒரு சொல்லும் விளங்காமல் அந்த நெடிய மனிதர், கையில் மண்ணோடு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.